தேதிக்கு முன்னால் போனால் தவணை, பின்னால் போனால் ஃபைன்

கேள்வி: 11 ஜூன் 2025, சென்னிமலைப் பக்கத்து வாசகி

பையன் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் போகிறான். இந்த செமஸ்டருக்கு 46,000 ரூபாய், ஜூன் 30 கடைசித் தேதி. கையில் 20,000 இருக்கிறது. வீட்டுக்காரர் பெட்ஷீட் தறி ஓட்டுகிறார், மீதிப் பணம் தீபாவளி ஆர்டர் வந்தால்தான். தேதி தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் ஃபைன். தவணை கேட்டால் பையனை வகுப்பில் எழுப்பி நிற்க வைப்பார்கள் என்று நாத்தனார் பயமுறுத்துகிறார். பேசாமல் ஃபைனோடு சேர்த்து அப்புறம் கட்டிவிடட்டுமா?

11 ஜூன், இரவு

ஃபைனோடு கட்டலாம் என்று இருந்துவிடாதீர்கள் தங்கச்சி. 30ஆம் தேதிக்கு முன்னால் போய்த் தவணை கேளுங்கள். முன்னால் போனால் நீங்கள் கேட்க வந்தவர். பின்னால் போனால் தேதி தவறியவர். ஆள் அதே ஆள்தான், பேச்சு வேறாகிவிடும். நான் இரண்டு விதமாகவும் போய் நின்றிருக்கிறேன். சோமனூர்ப் பக்கம் எட்டுத் தறி எனக்கு. பொண்ணு 2020இல் சேர்ந்து 2024இல் இன்ஜினியரிங் முடித்தாள். பையன் இப்போது கலை அறிவியல் கல்லூரியில் இரண்டாம் வருடம்.

நேராக முதல்வரைப் போய்ப் பாருங்கள்.

12 ஜூன், காலை

நேற்று "முதல்வரைப் பாருங்கள்" என்று எழுதியது தப்பு. முதல்வர் அறை வாசலில் அரை நாள் உட்கார வைத்துவிட்டு, கடைசியில் "அக்கவுண்ட்ஸில் கேளுங்க" என்றுதான் அனுப்புவார்கள். முதலில் அக்கவுண்ட்ஸ் செக்ஷன். அவர்கள் கடிதத்தின் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தால், அப்புறம் முதல்வரோ ஏ.ஓ.வோ (நிர்வாக அலுவலர்) கையெழுத்துப் போட இரண்டு நிமிடம்கூட ஆகாது.

12 ஜூன், மதியம்

தறி நின்ற நேரத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உங்களுக்குக் குறைவது 26,000. ஒன்றரை மாதம் தாமதம் என்று வைத்துக்கொள்வோம். 45 நாளுக்கு ஃபைன் 4,500. அதே 26,000ஐ வருடம் 12 விழுக்காட்டில் நகைக்கடன் வாங்கினால் 45 நாளுக்கு வட்டி சுமார் 385 ரூபாய். ஊருக்குள் மூணு வட்டிக்கு, அதாவது மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய்க்கு, வாங்கினால்கூட 1,170தான்.

ஃபைனில் இன்னொரு கொடுமை உண்டு. அது பாக்கித் தொகையைப் பார்ப்பதே இல்லை. 46,000 பாக்கி இருந்தாலும் நாளுக்கு 100, வெறும் 5,000 பாக்கி இருந்தாலும் நாளுக்கு 100. அஞ்சாயிரத்துக்கு நாளுக்கு நூறு என்றால் ஒரு நாளைக்கே நூற்றுக்கு இரண்டு. அதனால் கவுண்டரில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: "பாதி கட்டினால் ஃபைன் நிற்குமா, ஓடுமா?" சில இடங்களில் நிற்கும். சில இடங்களில் கடைசி ரூபாய் கட்டும் வரை ஓடிக்கொண்டே இருக்கும்.

13 ஜூன்

மூணு வட்டியை நேற்று ஏன் எழுதினேன் என்று ராத்திரி தூக்கம் வரவில்லை. கணக்குக்காகத்தான் எழுதினேன், ஆனாலும் எழுதியிருக்கக் கூடாது. தீபாவளிக்குத் தந்துவிடலாம் என்றுதான் எல்லோரும் வாங்குகிறார்கள். என் பெரியப்பா வீட்டில் அப்படி வாங்கிய ஒரு கடன், அசல் அப்படியே நிற்க வட்டியே நாலு வருடம் போய், கடைசியில் ஆறு தறியைப் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003இலேயே வந்துவிட்டது. வந்து என்ன, அவசரத்தில் கை நீட்டுகிறவன் சட்டத்தை நினைப்பதில்லை. தங்கச்சி, அந்த வரியை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

நகைக்கடன் பரவாயில்லை, அதுவும் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ. நகை மதிப்பீட்டுக் கட்டணம் என்று கொஞ்சம் பிடிப்பார்கள், அதையும் கணக்கில் சேருங்கள். மீட்கும் மாதத்தை இன்றைக்கே காலண்டரில் எழுதி வையுங்கள். ஆனால் தவணை கிடைத்தால் நகை வீட்டிலேயே இருக்கும். அதனால் முதலில் தவணை.

15 ஜூன், ஞாயிறு

நாத்தனார் சொன்ன பயத்தைப் பற்றி எழுதாமல் விட்டுவிட்டேன். அது பொய்யான பயம் இல்லை, எங்களுக்கும் இருந்தது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

2021இல் முதல் தடவை தேதி தவறினோம். வெட்கம்தான் காரணம். பணம் முழுசாகச் சேர்ந்த பிறகு தலை நிமிர்ந்து போகலாம் என்று இருந்துவிட்டேன். 22 நாள் கழித்து 2,200 ஃபைனோடு போய் நின்றேன். கவுண்டரில் இருந்த அம்மா ரசீது போட்டுக்கொண்டே, "போன மாசமே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே" என்றார். அந்த 2,200 எங்களுக்கு இரண்டு வார வீட்டுச் செலவு.

அடுத்த தடவை 2022. ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் கூலி உயர்வு கேட்டு விசைத்தறிகள் எல்லாம் நின்றது ஞாபகம் இருக்கும். வாரக்கணக்கில் தறிச் சத்தமே இல்லை. எங்கள் பக்கம் பிறந்த குழந்தைக்குத் தறிச் சத்தம் இல்லாவிட்டால் தூக்கம் வராது. அந்த மாதம் பெரியவர்களுக்கே வரவில்லை. கொரோனாவுக்காக மூடியிருந்த கல்லூரிகள் பிப்ரவரி 1 திறந்தன. எங்களுக்குக் கட்டணக் கடைசித் தேதி பிப்ரவரி 10 என்று போட்டுவிட்டார்கள். சனிக்கிழமைக் கூலி இல்லை. தறியில் ஏற்றப் பாவு நூல் இல்லை. கையில் 9,000.

9ஆம் தேதி காலையில் போனேன். பொண்ணு கைப்பட எழுதிய கடிதம், தறி நின்றுவிட்டதாக ஒரே வரி, அதன் கீழே மூன்று தேதி, மூன்று தொகை. கவுண்டரில் அதே அம்மா. கடிதத்தைப் படித்துவிட்டுத் தொகையைக் கேட்கவில்லை. "எத்தனை தறிங்க?" என்றார். எட்டு என்றேன். "எங்க அப்பாவுக்கு நாலுங்க. இப்ப அதுவும் நிக்குது" என்று சொல்லிப் பெரிய லெட்ஜரைத் திருப்பினார். பொண்ணு பெயருக்கு எதிரே பென்சிலில் 10/2, 10/3, 5/4 என்று எழுதினார். பேனாவால் எழுதவில்லை. "பேனாவில் எழுதினா தேதி தள்ளணும்னா அடிக்கணுங்க, பென்சில்னா அழிச்சுட்டு எழுதிக்கலாம்." அப்புறம் கடிதத்தில் சீல் வைத்து ஒரு நகலை என்னிடம் கொடுத்தார். மூன்றாவது தவணையில் எட்டு நாள் தள்ளிப்போனது. முன்னாலேயே போன் செய்து சொன்னேன். ஃபைன் இல்லை.

வகுப்பில் யாரும் அவளை எழுப்பவில்லை. ஆனால் ஒரு நாள் அறிவிப்புப் பலகையில் பாக்கி உள்ளவர்கள் பட்டியல் ஒட்டினார்கள், அதில் அவள் பெயரும் இருந்தது. அவள் அதை என்னிடம் சொன்னதே படிப்பு முடிந்த பிறகுதான். சீல் வைத்த நகல் அவள் பையில் இருந்திருந்தால் அன்றைக்கே போய்ப் பெயரை எடுக்கச் சொல்லியிருக்கலாம். அது என் பீரோவில் பத்திரமாக இருந்தது. அதனால் நகலில் இன்னொரு நகல் எடுத்துப் பையனிடம் கொடுங்கள் தங்கச்சி. இதை மறந்துவிடாதீர்கள்.

16 ஜூன்

கடிதத்தில் என்ன எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். கஷ்டத்தை ஒரு வரிக்கு மேல் எழுத வேண்டாம். பையன் பெயர், பதிவெண், துறை, மொத்தத் தொகை, இன்று கட்டுவது, அடுத்த தேதிகள். உங்கள் வீட்டில் பணம் வரும் தேதியைப் பார்த்துத் தவணைத் தேதி போடுங்கள். மாதத்தின் முதல் தேதி என்று பழக்கத்தில் எழுதிவிடாதீர்கள். அது சம்பளக்காரர் தேதி. பனியன் கம்பெனிக்காரருக்கு சனிக்கிழமை, பால் ஊற்றுகிறவர்களுக்கு சொசைட்டி பட்டுவாடா நாள், பொள்ளாச்சியில் தேங்காய்க்கு நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு வெட்டு, கோபிப் பக்கம் பட்டுக்கூடு போடுகிறவர்களுக்குக் கூடு விற்கிற நாள். மஞ்சள்காரர்கள் பாடுதான் பாவம். வைகாசி, ஆனியில் நட்டு, தையில் இருந்து பங்குனிக்குள் வெட்டி, வேகவைத்துக் காயவைத்து ஈரோட்டுக்குக் கொண்டுபோனால்தான் காசு. கல்லூரியோ நடவுச் செலவு நேரத்தில் ஜூனில் கேட்கிறது.

19 ஜூன்

46,000இல் எது எதற்கு எவ்வளவு என்று கேட்டு வாங்கச் சொன்னேன், தங்கச்சி அனுப்பியிருக்கிறார். கல்விக் கட்டணம் 27,500, பஸ்ஸும் மற்றவையும் 18,500. கலந்தாய்வில் வந்த பையன். அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குத் தனியார் இன்ஜினியரிங் கல்லூரிகளில் வருடக் கட்டணம் 50,000, அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவு என்றால் 55,000 என்று கட்டணக் குழு 2017இல் நிர்ணயித்தது. ஒரு செமஸ்டருக்கு 55,000இல் பாதி 27,500, கணக்குச் சரி. அந்தப் பகுதியில் கை வைக்க முடியாது.

பஸ்ஸில் முடியும். பொண்ணு கடைசி வருடம் கல்லூரி பஸ்ஸை விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் போனாள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. காலையில் நாற்பது நிமிடம் முன்னால் கிளம்பினாள், அவ்வளவுதான். பையனுக்கு அது இல்லை என்றாலும் மாதப் பாஸ் போட்டுப் பாருங்கள், செலவு குறையும். ஆனால் கல்லூரி பஸ் வேண்டாம் என்பதை செமஸ்டர் தொடங்கும் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். நடுவில் விட்டால் பணம் திரும்பாது என்பார்கள்.

முதல் பட்டதாரிச் சலுகை கேட்டீர்களா என்று இங்கே ஒருவர் கேட்கிறார். பையனின் அக்கா ஏற்கெனவே பட்டம் வாங்கிவிட்டாளாம், அதனால் வராது. எங்கள் வீட்டிலும் பொண்ணுக்குக் கிடைத்தது, பையனுக்கு இல்லை. குடும்பத்தில் ஒருவருக்குத்தான், அதுவும் கலந்தாய்வில் சேர்ந்தால்தான். நிர்வாக ஒதுக்கீட்டுக்கு இல்லை. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் வந்திருந்தால் 2021 முதல் கட்டணத்தை அரசே கட்டுகிறது. அதே அரசுப் பள்ளிப் படிப்பு இருந்தால் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. 2024 ஆகஸ்டில் நம் கோவையில்தான் தொடங்கி வைத்தார்கள். பையன் எந்தப் பள்ளி?

20 ஜூன்

தனியார் பள்ளியாம். சரி, விடுங்கள். அந்தப் பள்ளிக்கும் இதே மாதிரி எத்தனை ஜூன் ஓடியிருப்பீர்கள்.

24 ஜூன்

பொள்ளாச்சியிலிருந்து ஒரு அண்ணன் வேறு கேள்வி போட்டிருக்கிறார். பொண்ணை ஒரு கல்லூரியில் சேர்த்துப் பணம் கட்டிவிட்டார், இப்போது பிடித்த இடத்தில் சீட் வந்துவிட்டது. பழைய கல்லூரி பணத்தையும் தரமாட்டேன், சான்றிதழையும் தரமாட்டேன் என்கிறதாம். தவணைப் பேச்சை விட்டு விலகுகிறேன், ஆனால் இதைச் சொல்லாமல் விடக்கூடாது.

யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018இல் போட்ட அறிவிப்பில், எப்போது விலகினால் எவ்வளவு திரும்பும் என்று படிநிலை வைத்திருக்கிறார்கள். சேர்க்கைக்கு அறிவித்த கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கும் முன்போ விலகினால் முழுத் தொகை. அதிலும் 5 விழுக்காடு வரை, அதிகபட்சம் 5,000 மட்டும் பிடிக்கலாம். கடைசித் தேதிக்கு முந்தைய 15 நாளுக்குள் என்றால் 90 விழுக்காடு. தேதி முடிந்து 15 நாள் வரை 80, அதற்கு மேல் 30 நாள் வரை 50, அதற்கும் மேல் ஒன்றும் இல்லை. இது பொதுவான விதி. 2024-25க்கு இன்னும் தாராளமாக, செப்டம்பர் 30 வரை விலகினால் முழுதும், அக்டோபர் 31 வரை 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்காமலும் தரச் சொன்னார்கள். இந்த வருடத்துத் தேதியை யுஜிசி தளத்தில் பார்த்துவிடுங்கள் அண்ணா. சான்றிதழை அசலாக வைத்துக்கொள்ளவே கூடாது, சரிபார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றும் அதே அறிவிப்பு சொல்கிறது. வாய்ப்பேச்சு வேண்டாம். விலகல் கடிதத்தைத் தேதி போட்டுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். எவ்வளவு திரும்பும் என்பதை அந்தத் தேதிதான் முடிவு செய்யும்.

25 ஜூன்

"இரண்டு வருடப் பணத்தை ஒன்றாகக் கட்டச் சொல்கிறார்கள்" என்று கீழே ஒருவர். உச்ச நீதிமன்றம் 2003இல் இஸ்லாமிக் அகாடமி வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஒரு செமஸ்டர் அல்லது ஒரு வருடக் கட்டணத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. இந்த ஒரு வரியைக் கடிதத்தில் எழுதுங்கள், போதும். சண்டை போட வேண்டாம். பையன் அங்கேதானே படிக்கப்போகிறான்.

28 ஜூன், சனி இரவு

தங்கச்சி இன்று போய் வந்துவிட்டார்! 20,000 இன்று, 13,000 ஆகஸ்ட் 14, 13,000 தீபாவளி முடிந்து அக்டோபர் 24. சீல் வைத்த நகல் இரண்டு. பாதி கட்டினாலும் ஃபைன் ஓடும் என்பதுதான் அங்கே விதியாம். கடிதம் ஏற்கப்பட்டால் ஓடாதாம். கேட்காமல் இருந்திருந்தால் 20,000 கட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார், அக்டோபர் 24 வரை 116 நாளுக்கு 11,600 ஏறியிருக்கும். எனக்கு இதைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது.

29 ஜூன்

கடைசி நாள் ராத்திரி போனில் கட்டலாம் என்று இருப்பவர்களுக்கு அவசரமாக ஒன்று. சாதாரணமாக யுபிஐயில் ஒரு நாளைக்கு ஒரு லட்சம்தான். கல்விக் கட்டணத்துக்கு 5 லட்சம் வரை ரிசர்வ் வங்கி 2023 டிசம்பரில் உயர்த்தியது. யுபிஐக்குக் கூடுதல் கட்டணம் இல்லை, கிரெடிட் கார்டு என்றால் மேலே ஒரு தொகை பிடிப்பார்கள். பணம் போய் ரசீது வரவில்லை என்றால் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு, திரையைப் படம் எடுத்து, அந்த நிமிடமே கல்லூரி மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். பயத்தில் இரண்டாவது தடவை கட்டிவிடாதீர்கள். என் பையனுக்குப் போன வருடம் அப்படி இரண்டு தடவை போய்விட்டது. நம் கணக்கில் கழிந்து, கல்லூரிக்குப் போய்ச் சேராமல் நின்றுபோன யுபிஐ பணம் ஐந்து நாளுக்குள் திரும்ப வேண்டும். அதற்கு மேல் போனால் நாளுக்கு 100 ரூபாய் வங்கி நமக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019இல் சொல்லியிருக்கிறது. எனக்கு நாலாவது நாள் திரும்பி வந்தது.

6 ஜூலை

தவணைக் கணக்கில் தேர்வுக் கட்டணத்தைச் சேர்த்துவிடாதீர்கள். அது தனி. பாடத்துக்கு இவ்வளவு என்று பல்கலைக்கழகத்துக்குப் போகிற பணம், தன்னாட்சிக் கல்லூரி என்றால் அவர்களே நடத்தும் தேர்வுக்கு. அதற்குத் தவணை எல்லாம் பேச முடியாது. கல்விக் கட்டணத்தில் பாக்கி வைத்தால் நாலு நாள் பேசிச் சரிசெய்யலாம். தேர்வுக் கட்டணத் தேதி போய்விட்டால் ஒரு செமஸ்டரே போகும். அரியர் பாடம் இருந்தால் அதற்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். பையன்கள் அரியரை வீட்டில் சொல்லாமல் இருப்பார்கள், தேர்வுக் கட்டண நேரத்தில் மெதுவாகக் கேளுங்கள் தங்கச்சி, திட்டாமல். திட்டினால் அடுத்த தடவை சொல்லமாட்டான்.

17 ஆகஸ்ட்

இரண்டாவது தவணை 14ஆம் தேதியே கட்டியாயிற்றாம். ஆடித் தள்ளுபடிக்கு பெட்ஷீட் போனதில் வந்த காசு.

கல்விக்கடன் ஏன் வாங்கவில்லை என்று கேட்கிறார்கள். வாங்கலாம், நான் எதிரி இல்லை. 4 லட்சம் வரை பிணையும் வேண்டாம், நம் பங்குத் தொகையும் வேண்டாம். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால்தான் சொத்துப் பிணை. படிக்கும் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை, அந்தக் காலத்துக்குத் தனிவட்டிதான். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் அந்த வட்டிக்கு மத்திய அரசு மானியத் திட்டமும் உண்டு. ஆனால் ஜூன் கடைசித் தேதிக்கு ஜூனில் வங்கிக்குப் போனால் கிடைக்காது. சேர்க்கைக் கடிதம், கட்டண விவரம், அங்கே படிக்கிறான் என்ற போனஃபைடு சான்று என்று நடக்கவே வாரங்கள் ஆகும். முதல் வருடமே போட்டிருக்க வேண்டியது. எங்கள் பொண்ணுக்கும் நான் போடவில்லை, கடன் என்ற வார்த்தைக்கே பயந்தேன். இப்போது நினைத்தால் அந்த 2022இல் தறியும் நின்று, கட்டணமும் நெருக்கியபோது, வங்கியே நேராகக் கல்லூரிக்குக் கட்டியிருக்கும். பெரியப்பா வீட்டுக் கடனையும் கல்விக்கடனையும் ஒரே தராசில் போட்டுவிட்டேன்.

26 அக்டோபர்

24ஆம் தேதி தங்கச்சி மூன்றாவது தவணையும் கட்டிவிட்டார். ரசீதுப் படம் அனுப்பியிருக்கிறார், பாக்கி என்ற இடத்தில் பூஜ்யம். பையன் பட்டியலில் வரவில்லை. ஒரு தடவை ஆசிரியர் கேட்டபோது பையிலிருந்து நகலை எடுத்துக் காட்டினானாம், அவர் "சரிப்பா, உட்காரு" என்றாராம்.

ரசீதை மூன்று ஒன்றாகக் குத்தி வையுங்கள். நாலாம் வருடம் முடிந்து டி.சி. வாங்கப் போகும்போது பாக்கி இல்லை என்ற நோ டியூ கையெழுத்துக்கு எங்களிடம் 2022 மார்ச் ரசீதைக் கேட்டார்கள். அவர்கள் லெட்ஜரில் பென்சில் அழிந்திருந்தது, பேனாவில் ஏற்ற மறந்துவிட்டார்கள். பீரோவில் ரசீது இருந்ததால் பிழைத்தோம்.

30 நவம்பர்

டிசம்பர் வந்துவிட்டது, அடுத்த செமஸ்டர். தங்கச்சி கல்லூரியில் தேதி ஜனவரி 5 என்று போட்டுவிட்டார்களாம், இந்தத் தடவை நான் சொல்லும் முன்பே கடிதம் எழுதி வைத்துவிட்டார், பஸ்ஸையும் விட்டுவிட்டார்கள். என் பையன் கல்லூரியில் இன்னும் அறிவிப்பு ஒட்டவில்லை. நாளை திங்கள், பாவு இறக்கிவிட்டு மதியம் போய்க் கவுண்டரில் கேட்டுவிட்டு வருகிறேன்.